சின்னவளின் கைராசி

பெரியவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கத்துகிறவர்கள் கத்தித் தீர்த்துவிட்டு மறந்துபோவார்கள். அவள் அந்த ரகமில்லை. துணிக்கொடியைத் தன் பக்கம் இழுத்துக் கட்டிய பக்கத்து வீட்டுக்காரியோடு, பிள்ளைகள் வளர்ந்து படிப்பு முடிக்கும்வரை பேசாமல் இருந்தவள். "உன் மனசுக்குள்ள ஒரு ஐஸ்பெட்டி இருக்குடி. எதைப் போட்டாலும் கெடாம அப்படியே கெடக்குது" என்பார் அவள் கணவர். மின்விசிறி பழுதுபார்க்கிறவர். எதையும் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டினால் சுற்ற ஆரம்பித்துவிடும் என்று நம்புகிற சாது.

அவள் வேலை பார்த்தது ஊர் எல்லையில் இருந்த குஞ்சு பொரிப்பகத்தில். பண்ணைகளிலிருந்து முட்டை வரும். அதை இயந்திரத்தில் வைத்து, சூடும் ஈரமும் பார்த்து, மூன்று வாரம் கழித்துக் குஞ்சாக்கி அனுப்ப வேண்டும். முட்டையை விளக்கின் மேல் பிடித்துப் பார்த்தால் உள்ளே உயிர் இருக்கிறதா, வெறும் கூமுட்டையா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கல்யாணமான மறு வருஷம் சேர்ந்தவள், படிப்படியாக முதல் அறைக்குப் பொறுப்பாளி ஆனாள்.

கணவரின் தம்பிக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். அண்ணன் குடும்பம் கீழே, தம்பி குடும்பம் மாடியில். சின்னவளுக்கு வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்கவில்லை. "அக்கா, என்னையும் உங்ககூடக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்று பின்னாலேயே சுற்றினாள். பெரியவள்தான் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். தட்டு கழுவுவதிலிருந்து இயந்திரக் கதவைத் திறக்கிற பதம்வரை கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். ஓரகத்திகள் இருவரும் ஒரே குடையில் வேலைக்குப் போவதைப் பார்த்துத் தெருவே மூக்கில் விரல் வைத்தது.

பெரிய முதலாளி காலமாகி மகன் பொறுப்புக்கு வந்தபோது கட்டடம் பின்பக்கமாக நீண்டது. இரண்டாவது அறை வந்தது. அதற்குச் சின்னவளைப் பொறுப்பாளி ஆக்கினார் புது முதலாளி. அவருக்கு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு மோகம். வாசலில் ஒரு பெரிய பலகை மாட்டி, ஒவ்வொரு முறையும் எந்த அறையில் நூற்றுக்கு எத்தனை பொரிந்தது என்று எழுதி வைத்தார். சின்னவளின் அறை எண்பதைத் தாண்டியது. பெரியவளின் அறை எழுபதுக்கே மூச்சு வாங்கியது. மறுமுறையும் அப்படித்தான். அதற்கடுத்தும் அப்படித்தான்.

"சின்னவளுக்குக் கைராசிப்பா" என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சின்னவள் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தாள் என்பது உண்மை. குளிர் அறையில் கிடந்த முட்டையை நேராக இயந்திரத்துக்குள் தள்ளாமல், நடையில் வைத்துக் கொஞ்ச நேரம் குளிர் தெளியவிட்டு, இளஞ்சூடு காட்டி அப்புறம் வைத்தாள். அது அவளுக்குத் தானாகவே தோன்றிய யோசனை. ஆனால் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. முதல் அறைக்கு முட்டை வந்தது முன்வாசல் வழியாக, பழைய பண்ணையிலிருந்து. அங்கே இருந்தவை வயதான கோழிகள். இரண்டாம் அறைக்குப் பின்வாசல் வழியாகப் புதுப் பண்ணை லாரி வந்தது. அங்கே எல்லாம் இளங்கோழிகள். கிழக்கோழி முட்டை பெரிதாக இருக்கும், ஓடு மெலிந்திருக்கும், பொரிப்பது குறையும். இளங்கோழி முட்டை சிறியது, ஓடு கெட்டி, உள்ளே உயிர் துடியாக இருக்கும். தொட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும். இரண்டு பேருக்குமே தெரியும்.

முதலாளி இருவரையும் கூப்பிட்டு விசாரித்த அன்று பெரியவள் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு வர்றது வயசான கோழி முட்டைங்க. அவளுக்கு வர்றது வேற."

முதலாளி சின்னவளைப் பார்த்தார். "அப்படியாம்மா? முட்டையில வித்தியாசம் இருக்கா?"

பெரியவளும் அவளைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஒரே குடையில் வந்தவள், அதைச் சொல்லமாட்டாளா?

"முட்டையில என்ன சார் வித்தியாசம் இருக்கப்போகுது?" என்றாள் சின்னவள், முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே. "எல்லாம் கைதான். அக்கா பழைய ஆளு, பழைய முறையிலயே போறாங்க. வேற ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். சின்னவள் இரண்டு அறைக்கும் தலைமைப் பொறுப்பாளி ஆனாள். பெரியவளை முன்வாசல் பக்கம் தட்டு கழுவும் இடத்துக்கு அனுப்பினார்கள். போகிற போக்கில் யாரோ "அக்கா ஏன் போறாங்க?" என்று கேட்டதற்கு, சின்னவள் சிரித்துக்கொண்டே, "கூமுட்டைய எத்தனை நாள் அடைகாத்தாலும் பொரிக்காதுல்ல" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பெரியவளின் காதில் ஈயமாக இறங்கியது.

அன்று மாலை கணவரிடம் சொன்னபோது, அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "விடு. ரெண்டு பண்ணை முட்டையிலயும் ஒவ்வொண்ணு எடுத்துட்டுப் போயி முதலாளி முன்னாடி உடைச்சுக் காட்டு. புரிஞ்சுக்குவாரு."

"புரிஞ்சுக்கிட்டு?"

"உன்னை மறுபடியும் உள்ள கூப்பிடுவாரு."

"அவளுக்கு?"

கணவர் விழித்தார். "அவளுக்கு என்ன?"

"அதான். அவளுக்கு ஒண்ணுமே ஆகாது. 'ஓ அப்படியா, தெரியாமப் போச்சே'ன்னு பல்லைக் காட்டிட்டுப் போயிடுவா. எனக்கு நியாயம் வேணாங்க. அவ தலை குனியணும். எந்தப் பலகையில என்னைய எறக்கினாளோ அந்தப் பலகையிலயே."

கணவர் மறுபடி திருப்புளியை எடுத்துக்கொண்டார். இது எண்ணெய் விட்டுச் சரியாகிற பழுதில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

பெரியவள் கறுவிக்கொண்டே தட்டு கழுவினாள். வெந்நீரும் மருந்தும் பட்டு விரல் நுனி வெளுத்துச் சுருங்கிப்போயிற்று. மாடியிலிருந்து சின்னவள் இறங்கும்போது, இவள் கதவைச் சாத்திக்கொள்வாள். வேலையிடத்தில் மட்டும் வாய் நிறைய "சொல்லும்மா, செய்யறேம்மா" என்று பேசினாள். பெரியவள் அடங்கிப்போய்விட்டாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சின்னவளும் அப்படித்தான் நினைத்தாள். அவளுக்கு இப்போது தனி மேசை, தனி நாற்காலி. முட்டையில் அவள் கை படுவதே இல்லை. இளஞ்சூட்டால் முதல் அறையின் எண்ணும் லேசாக ஏறியிருந்ததால், கைராசிக்காரி என்ற பெயர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

சாக்கடை தோண்டுவதற்காகப் பின்பக்கத் தெருவை வெட்டிப் போட்டார்கள். பின்வாசல் அடைபட்டது. இரண்டு பண்ணை லாரிகளும் முன்வாசலுக்கே வரவேண்டியதாயிற்று. முதலாளி போகிற அவசரத்தில், "அக்கா, நீங்கதான் இங்கயே இருக்கீங்கள்ல, முட்டை இறக்கறதைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

முதல் லாரியின் ஆட்கள், "எங்கக்கா இறக்கணும்?" என்று கேட்டார்கள். புதுப் பண்ணை முட்டை. ஒன்றைக் கையில் எடுத்தாள். சின்னது, கெட்டி.

"முதல் அறை" என்றாள்.

பழைய பண்ணை லாரி வந்தது. "ரெண்டாம் அறை" என்றாள். ஆட்கள் மறுபேச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு எந்தத் தடங்கலும் இல்லை.

அதோடு நிறுத்தியிருந்தால், இரண்டு அறையின் எண்களும் இடம் மாறியிருக்கும், ஆளுக்கு ஆள் குழம்பியிருப்பார்கள், ஆனால் சின்னவளின் தலை உருண்டிருக்காது. இரண்டுமே அவள் பொறுப்பு, இரண்டிலுமே அவளுடைய இளஞ்சூடு. பெரியவள் இதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். அன்று பிற்பகல் முதலாளிக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு அவளே போனாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? சின்னவ இளஞ்சூடு காட்டுறதுல என்ன மகிமைன்னு இங்க பாதிப் பேருக்கு இன்னும் நம்பிக்கை வரல. நான்கூட நம்பாமத்தான் இருந்தேன். ஒரே ஒரு தடவை முதல் அறையில சூடு காட்டாம வெச்சுப் பாருங்க. ரெண்டாம் அறையில அவ முறைப்படியே நடக்கட்டும். பலகையில எழுதிப் போட்டா எல்லார் வாயும் அடைஞ்சிடும்."

ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் முதலாளிக்குச் சர்க்கரை. "நல்ல யோசனைக்கா!" என்றார். சின்னவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா வாயால் தன் பெருமையைக் கேட்ட சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "தாராளமா வைங்க சார். பார்த்துடலாம்" என்றாள்.

மூன்று வாரம் பெரியவள் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். பொரிக்கிற அன்று எல்லாரையும் நடையில் கூட்டி வைத்துவிட்டு முதலாளி முதல் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே தட்டுக்குத் தட்டு மஞ்சள் பஞ்சாகக் குஞ்சுகள், காதைப் பிளக்கிற கீச்சுச் சத்தம். இரண்டாம் அறையைத் திறந்தார். அங்கேயும் குஞ்சுகள் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே, ஓடு கொத்தாத முட்டைகள் வரிசை வரிசையாகச் சும்மா கிடந்தன.

முதலாளியின் முகம் சிவந்தது. பலகையில் தன் கையாலேயே இரண்டு எண்களையும் எழுதினார். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளா இளஞ்சூடு இளஞ்சூடுன்னு முட்டைய அவிச்சுக்கிட்டா இருந்த நீ?"

சிரிப்பு கிளம்பியது. அன்று பெரியவளைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய், அங்கே குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மனசார ஒரு மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் வந்தாள். கையில் ஓர் உடைந்த ஓடு. விரலால் அழுத்தினாள், பொடிந்தது.

"இது கிழக்கோழி ஓடு" என்றாள். "முட்டைய மாத்தி இறக்கிட்டீங்க."

"முட்டையில என்ன வித்தியாசம் இருக்கப்போகுது? எல்லாம் கைதான்."

சின்னவள் கையிலிருந்த ஓட்டுப் பொடியை உதறினாள். "நான் போய் முதலாளிகிட்ட சொல்றேன்."

"போ. போய்ச் சொல்லு. ஆனா முழுசாச் சொல்லு. அன்னைக்கு அவர் கேட்டப்போ வித்தியாசமே இல்லைன்னு சொன்னது பொய்யின்னும் சேர்த்துச் சொல்லு. ரெண்டையும் சொல்லாம ஒண்ணை மட்டும் சொல்ல முடியாது. யோசிச்சுட்டுப் போ."

சின்னவள் அங்கேயே நின்றாள். போகிற வழியெல்லாம் அடைபட்ட மாதிரி. "அக்கா, நீங்களே கையைப் பிடிச்சுச் சொல்லிக்குடுத்த வேலை இது" என்றாள் கடைசியில்.

"தெரியும். அதான் அவ்வளவு சுத்தமா செஞ்சேன்."

சின்னவளைத் தட்டு கழுவ அனுப்பினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். பெரியவள் தலைமைப் பொறுப்பாளி ஆனாள். இளஞ்சூடு காட்டுவது அறவே கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். இப்போது அங்கே இருந்தவர்களில், முட்டையை மாற்றி இறக்கியவளுக்கு மட்டும்தான் அந்த உத்தரவு எவ்வளவு பெரிய அபத்தம் என்று தெரியும். சின்னவள் செய்ததில் தப்பே இல்லை. கிழக்கோழி முட்டைக்கும் அது நல்லதுதான் செய்தது. இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால், பலகையில் எழுதிய வெற்றி அழிந்துபோகும். பெரியவள் வாயைத் திறக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. குளிர் அறையிலிருந்து நேராக வெளியே வந்த முட்டைகளுக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த ஈரத்தோடு இயந்திரத்துக்குள் போனவை அழுகின. சில உள்ளேயே வெடித்து, நாற்றம் நடைவரை வீசியது. வெடித்த முட்டையைத் துடைக்கிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இவளைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனாலும் அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. பலகையில் இரண்டு அறையின் எண்களும் சேர்ந்து சரிந்தன.

முதலாளி ஒரு கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தார். நடுவயதுப் பெண், ஓயாத ஜலதோஷம், கைக்குட்டையைக் கீழே வைக்கவே மாட்டார். டாக்டரம்மா பழைய எண்களைப் பற்றியெல்லாம் கேட்டார். முதலாளி பெருமையாகச் சொன்னார்: "நாங்க சோதனை பண்ணியே பார்த்துட்டோம் டாக்டர். சூடு காட்டின அறையில கம்மி, காட்டாத அறையில அதிகம்."

"ரெண்டு அறைக்கும் முட்டை ஒரே பண்ணையிலேருந்தா வந்துச்சு?"

முதலாளி பெரியவளைப் பார்த்தார். பெரியவள் தரையைப் பார்த்தாள்.

"இல்ல" என்றார் முதலாளி. "வேற வேற பண்ணை. ஒண்ணுல வயசான கோழி, இன்னொண்ணுல இளங்கோழி."

டாக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ரோட்டுல போறவங்களைத் தினம் பாருங்க. குடை பிடிச்சுப் போற அன்னைக்குக் காலெல்லாம் நனைஞ்சிருக்கு. குடை இல்லாமப் போற அன்னைக்குக் கால் காய்ஞ்சிருக்கு. அப்போ குடைதான் காலை நனைக்குதுன்னு சொல்வீங்களா? பின்னாடி மழை இருக்குல்ல? குடையை விரிக்க வெச்சதும் மழைதான், காலை நனைச்சதும் மழைதான். அதை விட்டுட்டுக் குடையையும் காலையும் மட்டும் பார்த்தா தப்பாத்தான் தெரியும். புள்ளிவிவரத்துல இந்த மாதிரி பின்னாடி நிக்கிறதுக்குக் குழப்பும் காரணின்னு பேரு. உங்ககிட்ட கோழியோட வயசுதான் அந்த மழை. ஒரு அறையோட ஒரு பண்ணையும் ஒரு முறையும் சேர்ந்தே போயிருக்கு. எது என்ன செஞ்சுதுன்னு நீங்க எப்படிப் பிரிச்சீங்க?"

"பிரிக்கல" என்றார் முதலாளி, மெதுவாக. "அதுக்கு முன்னாடியும் அப்படித்தான் டாக்டர் பார்த்தோம். அப்ப வேற ஆளை எறக்கிட்டோம்."

பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இத்தனை மாதமாக அவள் உள்ளுக்குள் வைத்துப் பூட்டியிருந்ததை, யாரோ ஒரு ஜலதோஷக்காரி வந்து கைக்குட்டையை உதறுகிற மாதிரி உதறிக் காட்டிவிட்டாள்.

புதுச் சோதனைக்கு டாக்டரம்மா ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பண்ணை முட்டையையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதிக்குச் சூடு, பாதிக்குச் சூடில்லை. அவையும் இரண்டு அறைக்கும் பாதிப் பாதி. எந்தத் தட்டு எதற்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்ய வேண்டும், யார் இஷ்டத்துக்கும் விடக் கூடாது.

"முட்டையப் பார்த்தாலே எந்தப் பண்ணைன்னு சொல்லிடற ஆள் யாராவது இருக்காங்களா இங்க?" என்று கேட்டார்.

எல்லாரும் பெரியவளைக் காட்டினார்கள்.

"அப்போ தட்டு அடுக்கறப்பவும் குஞ்சு எண்ணறப்பவும் நீங்க வெளிய இருக்கணும்மா. உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல. தெரிஞ்சவங்க கை, தெரியாமலேயே ஒரு பக்கம் சாயும்."

பெரியவள் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே சீட்டுக் குலுக்குகிற சத்தம் கேட்டது. தெரியாமல் சாய்கிற கையாம். அவள் கை தெரிந்தேதான் சாய்ந்தது, முழு மனசோடு சாய்ந்தது. அதை ஒரு பெருமையாக வைத்திருந்தாள். அதைக்கூட இந்த அம்மாள் ஏதோ சாதாரணப் பிசகு மாதிரி ஆக்கிவிட்டாளே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

முடிவு வந்தது. இளங்கோழி முட்டை எந்த அறையில் இருந்தாலும், சூடு காட்டினாலும் காட்டாவிட்டாலும், கிழக்கோழி முட்டையைவிட வெகுவாக அதிகம் பொரித்தது. ஒரே பண்ணை முட்டையில் பார்த்தால், சூடு காட்டினவை காட்டாதவற்றைவிடக் கொஞ்சம் அதிகம். ஆக, சின்னவளின் யோசனை நல்ல யோசனை. பெரியவளின் கையிலும் எந்தக் காலத்திலும் குறை இருக்கவில்லை. இருவரையும் ஏற்றியதும் இறக்கியதும் கோழியின் வயசு.

முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டாம் அறைக்கு வர்றது இளங்கோழி முட்டை. அது அன்னைக்கு மட்டும் எப்படிக் குறையும்? லாரி இறக்கினது நீங்கதானே?"

"நீங்கதான் பார்த்துக்கச் சொன்னீங்க."

"எந்த முட்டை எங்க போகுதுன்னு தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதான்" என்றாள் பெரியவள், நிமிர்ந்து. "உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், அதுக்கு முன்னாடி நான் சொன்னப்போ காது குடுத்திருந்தா."

முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் அவரே வீடு தேடி வந்து மாடி ஏறினார். கீழே கதவிடுக்கில் நின்று பெரியவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டார், திரும்பி வரச் சொன்னார், இரண்டாம் அறை அப்படியே காத்திருக்கிறது என்றார்.

"வேண்டாம் சார்" என்றாள் சின்னவள். "சூடு காட்டினது யாருன்னு விசாரிச்சு டாக்டரம்மா எங்கிட்ட பேசினாங்க. வேற ஊர்ல ஒரு பொரிப்பகத்துல சொல்லி வெச்சிருக்காங்க. நாங்க போறோம். இங்க இருந்தா, நானும் ஒரு நாள் அவங்க முட்டைய மாத்துவேன்."

தம்பி குடும்பம் காலி செய்த அன்று வாசலில் வண்டி நின்றது. அண்ணனும் தம்பியும் பீரோவைத் தூக்கும்போது ஆளுக்கொரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சின்னவள் கடைசியாக இறங்கி வந்தாள். பெரியவள் இந்த முறை கதவைச் சாத்தவில்லை. இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. வண்டி கிளம்பியது.

"இப்பவாவது மனசு ஆறுச்சா?" என்று கேட்டார் கணவர், காலியான மாடியைப் பார்த்தபடி.

"ஆறியிருந்துச்சு" என்றாள் பெரியவள். "அவ மேல தப்பில்லன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்த வரைக்கும் ஆறித்தான் இருந்துச்சு. இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அதான் தாங்க முடியல."

கணவர் மாடிக்குப் போய், ஆளில்லாத அறையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார்.